டோக்கன் இன்னும் திரும்பவில்லை

ஜிப் அக்காவுக்கு நாலு வருடமாக என்ன கோளாறு என்று தையல் கம்பெனியில் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்வதுதான் மரியாதை என்று இருந்தார்கள். பேன்ட்டுக்கு ஜிப் வைக்கும் மிஷினில் உட்கார்ந்து இப்படிச் சாய்வாள், அப்படிச் சாய்வாள். கேட்டால் இடுப்புவலி என்பாள். இடுப்புவலிக்கு யாராவது துணியை வளையமாகச் சுற்றி, நடுவில் ஓட்டை விட்டு உட்காருவார்களா?

வந்த காரணமும் எல்லோருக்கும் தெரியும். கழிவறைக்குப் போக ஒரு மிஷின் வரிசைக்கு ஒரே டோக்கன். உள்ளங்கை அளவு மரக்கட்டை, சூப்பர்வைசர் தலைக்கு மேல் ஆணியில் தொங்கும். கட்டை யார் கையில் இருக்கிறதோ அவள் கழிவறையில் இருப்பதாகக் கணக்கு. அது ஆணிக்குத் திரும்பும்வரை அடுத்தவள் எழக் கூடாது. சுவரில் அவனே கையெழுத்துப் போட்டு ஒட்டிய சட்டம். அந்த மூஞ்சியிடம் போய்க் கேட்பதற்குத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடலாம் என்று அக்கா இருந்தாள். குடல் சும்மா விடுமா?

கடைசியில் ரத்தத்தைப் பார்த்துப் பயந்து, வெள்ளிக்கிழமை லேசர் செய்துகொண்டாள். காலையில் போனவள் சாயங்காலமே நடந்து வீடு திரும்பினாள்.

"கத்தி வைக்கலை, தையல் போடலை. ஆனா உள்ளே புண்ணு புண்ணுதாம்மா" என்று சொல்லித்தான் அனுப்பினாள் டாக்டரம்மா. "இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்து வேலை செய்யாதே. தண்ணி நிறையக் குடி. வந்தா அடக்காதே."

திங்கட்கிழமை, டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டி லீவு கேட்டாள். சூப்பர்வைசர் செல்போனை எடுத்து, அதே ஆஸ்பத்திரியின் விளம்பரத்தை ஹால் முழுக்கக் கேட்கும்படி வாசித்தான்.

"'மூலத்துக்கு லேசர்! இன்று சிகிச்சை, நாளை வேலை!' ரெண்டு நாள் தாண்டியாச்சேம்மா. இன்னும் என்ன சொகுசு? போய் உட்காரு."

துணி வெட்டும் மேஜையில் இரண்டு ஆண்கள் சிரித்தார்கள்.

நாலு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்தது ஒரே நொடியில் சந்தி சிரித்துவிட்டது. அக்காவுக்குக் காது இரண்டும் கொதித்தன. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"சத்தமாப் படிங்க சார், அயர்ன் போடுறவங்களுக்குக் கேக்கலையாம். ஆமா, மூலம்தான்! எதனால வந்துச்சுன்னு அதுல போட்டிருக்கா? இதோ, இந்தக் கட்டையால வந்துச்சு."

எட்டி ஆணியிலிருந்து டோக்கனைப் பிடுங்கினாள்.

"எங்கே போறே?"

"டாய்லெட்டுக்கு."

கழிவறையைத் தாண்டினாள், வாட்ச்மேனைத் தாண்டினாள், நேரே வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்தாள்.

மறுநாள் போன் வந்தது. "எங்கம்மா தொலைஞ்சே?"

"டாய்லெட்ல சார். டோக்கன் இன்னும் ஆணிக்கு வரலையே? உங்க சட்டப்படி நான் உள்ளேதான் இருக்கேன். கதவைத் தட்டாதீங்க."

அங்கே கம்பெனியில் இடுப்புப்பட்டி தைப்பவள் எழுந்தாள்.

"டோக்கன்?" என்று அதட்டினான்.

"இருந்தா எடுக்க மாட்டேனா சார்?" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் பின்னால் பாக்கெட் வைப்பவள். அவள் பின்னால் இன்னும் இருவர். சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்கத் தண்ணீர் பாட்டில் முளைத்துவிட்டது.

வாரம் முடிந்து அக்கா டோக்கனோடு வந்தாள். மாட்டலாம் என்று பார்த்தால் ஆணியே இல்லை, சுவரில் ஓட்டைதான் இருந்தது.

"யாரு பிடுங்கினது?" என்று அவன் கத்திக்கொண்டிருந்தான். ஒருத்தியும் தலை தூக்கவில்லை. மிஷின்கள் மட்டும் கடகடவென்று ஓடின.

அக்கா கட்டையைத் தன் ஸ்டூலின் ஆடுகிற காலுக்கு அடியில் கொடுத்தாள். நேராக உட்கார்ந்தாள். அவனைப் பார்த்தபடியே அரை பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.