எட்டு மாதக் கோழி

கோழி வளர்க்கலாம் என்று அவன் சொன்னதும், தட்டிலிருந்து நிமிராமலேயே அவள் கேட்டாள்: "ஏங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

கேட்டதில் தப்பில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் கோழி என்று வாயெடுத்தபோதெல்லாம் அவன் ஒரு காரணம் வைத்திருந்தான். முதலில் நாற்றம். அப்புறம் எலி வரும். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அந்த மனிதர் வீட்டை விற்றுவிட்டுப் போன பிறகு, புதிதாக வருகிறவர் எப்படிப்பட்டவரோ. அவன் லிப்ட் மெக்கானிக். அப்படியென்றால் ஏற்றி இறக்குகிற வேலை என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள், இவருக்கு நிறுத்துவதுதான் வேலை என்று தன் தம்பியிடம் சொல்லிச் சிரிப்பாள். சுவருக்கு வேறு நிறம், சமையலறைக்கு இன்னொரு ஜன்னல், எதைச் சொன்னாலும் முதலில் வேண்டாம்தான். அவள் வீட்டார் அவனுக்கு பிரேக் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவளுக்கு இந்தக் கோழிப் பைத்தியம் பிடித்தது தபால் நிலையத்தில். பார்சல் கவுன்ட்டரில் சேர்ந்த முதல் வருஷம், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று அவளுடைய தராசில் வந்து உட்கார்ந்து கீச்சு கீச்சென்று கத்தியது. ஒருநாள் குஞ்சுகள். பிறக்கும்போதே வயிற்றுக்குள் கொஞ்சம் மஞ்சள் கருவோடு பிறக்குமாம், அதை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் தீனி தண்ணீர் இல்லாமல் தாங்குமாம், அதனால்தான் தபாலில் அனுப்புகிறார்களாம். அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று இதையெல்லாம் சொன்னாள். மறுநாளே ஒரு நோட்டு போட்டாள். இனத்தின் பெயர், நிறம், குணம், அடைகாக்குமா, சத்தம் போடுமா, முதல் முட்டை எத்தனையாவது மாதம் என்று கட்டம் கட்டமாகக் கோடு இழுத்து, பார்சல் அனுப்ப வருகிற பண்ணைக்காரர்களிடம் வாயைப் பிடுங்கி எழுதிக்கொள்வாள். "உன்னைக் கட்டும்போதுகூட நான் இவ்வளவு விசாரிக்கலையே" என்பான் அவன். "அதான் மாட்டிக்கிட்டீங்க" என்பாள். நோட்டு மூன்றாவது அட்டைக்கு வந்துவிட்டது. கோழிதான் வந்தபாடில்லை.

ஆறு வாரத்துக்கு முன்னால், வயிற்றுவலிக்காகப் போன ஆஸ்பத்திரியில், ஸ்கேன் அறைக்குள் அவள் உடை மாற்றிக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில், டாக்டர் அவனை நடைவழியின் ஓரத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். கணையத்தில் ஆரம்பித்து ஈரலுக்கும் போய்விட்டது. அறுக்கிற கட்டத்தையெல்லாம் தாண்டிவிட்டது. நாலு மாதம். அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா என்று கேட்டார். நானே சொல்லிக்கிறேன் என்றான். சொல்லத்தான் நினைத்தான். கைப்பையைத் தோளில் மாட்டியபடி அவள் வெளியே வந்து, "என்னவாம்?" என்று கேட்டாள். வெறும் வயிற்றோடு வரச்சொல்லியிருந்ததால் பசி அவள் முகத்தில் தெரிந்தது. "புண்ணு. மாத்திரையில ஆறிடும்" என்று அவன் வாய் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தான். வலி மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்து ஒரு பழைய டப்பாவில் போட்டுக் கொடுத்தான். அந்த டாக்டர் வேறொரு டாக்டருக்கு எழுதித் தந்த கடிதத்தை ஒளித்துவைக்கக்கூட இல்லை. கூடத்து அலமாரியில், எல்லாரும் பார்க்கிற இடத்தில்தான் கிடந்தது. தன் பெயர் எழுதாத உறையை அவள் பிரிக்கமாட்டாள். தபால் நிலையத்தில் படிந்த பழக்கம். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் அவன் ஆறு வாரம் தூங்கினான், தூங்கின கொஞ்ச நேரமும்.

அவள் தினமும் வேலைக்குப் போய்வந்தாள். வெளியூரில் இருக்கும் மகளுக்கு இன்னும் நாலு மாதத்தில் பிரசவம். அதற்காக ஒரு லீவுகூட எடுக்காமல் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் முத்திரை குத்தினாள். சாயங்காலம் வந்து, புண்ணு ஆற இவ்வளவு நாளா எடுக்கும் என்று அலுத்துக்கொண்டாள். அவனால் செய்ய முடிந்தது என்று ஒன்றே ஒன்றுதான் அவனுக்குத் தோன்றியது. கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், மழைநீர்க் குழாயை ஒட்டி, இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் மரச்சட்டமும் கம்பிவலையும் வைத்து ஒரு கூடு அடித்தான். கதவுக்கு லிப்டுக் கதவின் சின்ன உருளைகளைப் பொருத்தினான். சத்தமே இல்லாமல் நகர்ந்தது. அவள் அதை நாலு தடவை தள்ளித் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "எந்த மாடிக்குப் போகும் இது?" என்று கேட்டாள்.

குஞ்சுக்கடை ஒரு பழைய கார் ஷெட்டில் இருந்தது. தீனி மூட்டைகளின் புளித்த வாசனை. வரிசையாகத் தகரத் தட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் தாழ இறங்கிய ஒரு சிவப்பு பல்பு, அதன் அடியில் நெருக்கியடித்துக்கொண்டு குஞ்சுகள். ரப்பர் மேலங்கி போட்ட கடைக்காரி கையில் தீனி அள்ளும் டப்பாவோடு வந்தாள்.

"வாங்கக்கா. முட்டைக்கா, கறிக்கா, சும்மா அழகுக்கா?"

"முட்டைக்கு," என்றாள் அவள். "கொஞ்சம் அழகுக்கும்." நோட்டை எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். கடைக்காரி அதை எட்டிப் பார்த்து, "நீங்க எனக்குப் பாடம் எடுப்பீங்க போலிருக்கே" என்றாள். இரண்டு பேருக்கும் உடனே ஒட்டிக்கொண்டது. வெள்ளை லெகார்ன், அஞ்சு மாசத்துல வச்சிடும், ஆனா கிட்டப் போனா பேயைப் பாத்த மாதிரி ஓடும். கறுப்பா இருக்கே அது ஆஸ்திரலார்ப், ஆறு மாசம், பரம சாது. கடைசித் தட்டில் இருந்தது பிரம்மா. அவள் குனிந்து ஒரு குஞ்சை அள்ளினாள். அதன் காலில் விரல் வரைக்கும் பஞ்சு முளைத்திருந்தது.

"ஐயோ, சாக்ஸ் போட்டிருக்கு பாருங்க!" என்று அவனிடம் காட்டினாள். "பிரம்மாவாம். இத்தன வருஷமா என் தலையெழுத்த எழுதிட்டு எங்க ஒளிஞ்சிட்டிருந்தாரு இவரு?"

கடைக்காரி சிரித்தாள். "மடியில ஏறி உக்காந்துக்கும்க்கா. ஆனா இது சோம்பேறி. முட்டைக்கு எட்டு மாசம் ஆகும். ஒம்போதுகூட ஆகும்."

அப்போதுதான் அவன் கணக்குப் போட்டான். ஆறு ஆள், நானூற்றெட்டு கிலோ என்று ஒவ்வொரு லிப்டுக்கும் பலகை மாட்டுகிறவன், கூட்டுக்கு நீளம் அகலம் அளந்தவன், இதை மட்டும் எண்ணவில்லை. ஒரு காலையில் அவள் கொல்லைக்குப் போய், வைக்கோலுக்குள் கைவிட்டு, ஒரே ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு வருவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசைப்பட்டது. அதற்காகத்தான் இருபத்தாறு வருஷத்து 'வேண்டாம்' என்பதை விட்டுக்கொடுத்தான். இந்தத் தட்டுகளில் இருக்கும் எதுவும் அதற்குள் முட்டை வைக்காது. லெகார்ன்கூட வைக்காது.

"வளர்ந்த கோழி இருக்கா?" என்றான். "இப்பவே முட்டை போடற மாதிரி?"

"வெடக்கோழி இருக்கு சார், பின்னாடி கூண்டுல. இன்னும் ரெண்டு மூணு வாரத்துல வச்சிடும்."

"அதையே குடுங்க. ஆறு."

"எனக்குக் குஞ்சுதான் வேணும்," என்றாள் அவள். குஞ்சு அவள் உள்ளங்கையிலேயே கண்ணைச் செருகிக்கொண்டிருந்தது. "யாரோ வளர்த்ததை வாங்கறதுக்கு, கடையில முட்டையே வாங்கிக்கலாமே."

"குஞ்சுன்னா சாகும். பூனை தூக்கிட்டுப் போகும். வளர்ந்ததுதான் நல்லது."

"பூனை வராதுன்னுதானே அவ்வளவு பெரிய வலை அடிச்சீங்க?"

"சொன்னா கேளு. வெடக்கோழியே எடுப்போம்."

"பிரம்மா எடுப்போம்ங்க. எனக்குப் பிடிச்சிருக்கு."

"எட்டு மாசம் யாரு காத்துக்கிட்டிருக்கறது!" என்று கத்திவிட்டான். பல்புக்கு அடியில் குஞ்சுகள் ஒரு நொடி சத்தத்தை நிறுத்தின.

"ஏன்," என்றாள் அவள், இன்னும் விளையாட்டாகவே. "எட்டு மாசத்துக்குள்ள எங்க ஓடிப்போகப் போறோம்?"

பதில் சொல்லியிருக்க வேண்டும். எதையாவது சொல்லியிருக்கலாம். உன் தொல்லை தாங்காம நான்தான் ஓடப்போறேன் என்று வழக்கம்போல ஒரு வார்த்தை போதும், எல்லாம் மூடிக்கொண்டிருக்கும். அவன் அவள் கையிலிருந்த குஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. பார்சலுக்குள்ளே துணிதான் இருக்கிறது என்று சாதிக்கிறவர்களைக் கவுன்ட்டரில் அவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படி அவனைப் பார்த்தாள். கோபமில்லை. எடை சரியாக இல்லையே என்கிற பார்வை. பிறகு குஞ்சைத் தட்டில் விட்டுவிட்டு, கடைக்காரியிடம், "ஒரு நிமிஷம்மா, வந்துடறோம்" என்று சொல்லி வெளியே நடந்தாள்.

வெளியே தீனி மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றாள். அவன் பின்னாலேயே போனான். காலை வெயில் அப்போதே சுட்டது. எதிரில் ஒருவர் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எத்தன மாசத்துக்குள்ள முட்டை வைக்கணும்?" என்று கேட்டாள். "நீங்களே சொல்லுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கலாம்."

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். கூடு அடித்ததில் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

"நாலு," என்றான்.

"எப்பச் சொன்னாங்க?"

"ஸ்கேன் எடுத்த அன்னைக்கு."

அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது. எண்ணி முடித்ததும் பக்கத்திலிருந்த மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தான். அழுதிருந்தால் அவனும் கூட அழுதிருப்பான், அதற்காகத்தான் ஆறு வாரமாகக் காத்துக்கொண்டிருந்தானோ என்னவோ.

"ஒன்றரை மாசம்," என்றாள். "ஒன்றரை மாசம் அங்க நின்னு முத்திரை குத்திட்டிருந்தேன் நான்."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ கொஞ்ச நாளாவது நிம்மதியா..."

"போன மாசம் நம்ம பொண்ணு போன் பண்ணா. ஒரு நடை வந்துட்டுப் போகட்டுமாம்மான்னு கேட்டா. இப்ப எதுக்கு அலையற, பிரசவத்துக்கு நான் லீவு போட்டுட்டு வர்றேன்னு சொன்னேன். நீங்க பக்கத்துலதான் உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க."

அவனுக்கு அது நினைவிருந்தது. பேப்பரில் ஒரு எழுத்துகூட மண்டையில் ஏறவில்லை என்பதும் நினைவிருந்தது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"இப்ப அவளால பயணம் பண்ண முடியாது. நஞ்சு கீழ இறங்கியிருக்குன்னு டாக்டர் கூடாதுன்னுட்டாரு," என்றாள். "ஒன்றரை மாசம் முன்னாடின்னா வந்திருப்பா. நானும் போயிருப்பேன், அப்பத் தெம்பு இருந்துச்சு. நேத்து கவுன்ட்டர்ல இருந்து பஸ் ஸ்டாப் போறதுக்குள்ள மூணு எடத்துல உக்காந்தேன். உங்ககிட்ட சொல்லல. நீங்க பயந்துடுவீங்கன்னு."

நிம்மதியாக இருக்கட்டும் என்று அவன் நினைத்தது பொய்யில்லை. ஆனால் யாருடைய நிம்மதி? ஒரு வாக்கியம் சொல்லப் பயந்துகொண்டு, அவளிடமிருந்த கொஞ்ச நாளில் ஒரு பெரிய பங்கை அவனே செலவழித்துவிட்டான். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தான். அதைச் சொன்னால் அவள் மன்னிக்கிற வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். நிறுத்திக்கொண்டான்.

அவள் மூட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தாங்கப்போன அவன் கையை விலக்கவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. நேராகக் கடைக்குள் போய், "பிரம்மாவே குடும்மா. ஆறு," என்றாள்.

"எட்டு மாசம்..." என்றான் அவன்.

"ஆகட்டும். நீங்கதானே இருக்கப் போறீங்க." பிறகு கடைக்காரியைப் பார்த்து, "அவரே எடுக்கட்டும். எப்படிப் பாத்து எடுக்கறதுன்னு அவருக்குச் சொல்லிக் குடு" என்றாள். நோட்டு இன்னும் அவள் கக்கத்தில் இருந்தது. அதை அவனிடம் கொடுக்கவில்லை.

கடைக்காரிக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். கண்ணு பளிச்சுன்னு இருக்கணும் சார். தொப்புள் காஞ்சிருக்கணும். அப்புறம் உள்ளங்கையில மல்லாக்கப் படுக்க வைங்க. நல்ல குஞ்சுன்னா கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள தானா புரண்டு எந்திரிச்சிடும். எந்திரிக்கலன்னா திரும்ப வச்சிடுங்க.

அவன் தட்டுக்குள் கைவிட்டான். இரும்புக் கயிற்றையும் கிரீசையும் மட்டுமே பிடித்துப் பழகின கை. இவ்வளவு லேசான ஒன்றை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று அதற்குத் தெரியவில்லை. முதல் குஞ்சை மல்லாத்தினான். புரண்டு எழுந்தது. "இது?" என்று அவளைப் பார்த்தான். அவள் சுவரில் மாட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்களே பாருங்க," என்றாள். இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றையும் ஓட்டை போட்ட பெட்டிக்குள் விடும்போது திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அவள் அட்டவணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது. ஐந்தாவது.

ஆறாவது குஞ்சு அவன் உள்ளங்கையில் மல்லாந்து, பஞ்சு முளைத்த இரண்டு காலையும் மேலே நீட்டிக்கொண்டு கிடந்தது. கண் திறந்துதான் இருந்தது. நெஞ்சு வேக வேகமாக ஏறி இறங்கியது. புரளவில்லை.

"அத வச்சிட்டு வேற எடுங்க சார்," என்றாள் கடைக்காரி.

அவன் கையை ஆட்டாமல் நின்றுகொண்டிருந்தான்.