பதினேழா, பதினெட்டா

பந்தலுக்குள் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாலு பேர் சாவுச் சடங்கில் எரிக்கத் தங்கத் தாளில் தாமரை மடித்துக்கொண்டிருந்தார்கள். இறந்துபோன ஹொங்-யீயின் படத்தைப் பார்த்தபடி அவன் மனைவி ஜிங்-ரூ. அவளுக்கு இடப்பக்கம் மகள் யீ-தாங். மின்விசிறிக்கு நேராக ஹொங்-யீயின் அண்ணன் வென்-ஷான். அவர் மடித்ததெல்லாம் காற்றில் பறந்தது, குனிந்து குனிந்து பொறுக்கினாரே தவிர இடம் மாறவில்லை. தெருப்பக்கம், பிளாஸ்டிக் ஸ்டூலில், டயர் கடை ஆ-குன். சொந்தமில்லை என்பதால் ஓரமாக உட்கார்ந்தான். சிநேகிதன் என்பதால் காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஹொங்-யீயின் அம்மா வீட்டுக்குள், சமையலறையில், கூடத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பெற்றவள் பிள்ளையை வழியனுப்பக் கூடாது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காகிதக்கடை லுவோவின் சின்ன லாரி வந்து நின்றது. இறந்தவனுக்குப் போய்ச் சேர மாலையில் எரிப்பதற்கான காகித வீட்டையும் காரையும் அவர் இறக்கினார். வீடு எல்லோருக்கும் எரிக்கிற வீடுதான். கார் மட்டும் ஜிங்-ரூ சொல்லிச் செய்தது. ஹொங்-யீ ஓட்டிய அதே சிவப்பு, அதே ஐந்து கதவு, பின்பக்கம் வெட்டிவிட்டாற்போன்ற அதே குட்டி உடம்பு. சக்கரங்கள்தான் லுவோவின் சொந்தக் கற்பனை. தங்கத் தாள் ஒட்டி, சூப் கிண்ணம் அகலத்துக்கு, வண்டிக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றன.

ஆ-குன் எழுந்து வந்து காரின் பக்கத்தில் குந்தினான். கடைக்கு வருகிற கார்களைப் பார்ப்பது போல மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தான்.

"லுவோ அண்ணே, இது காரா, கோயில் பல்லக்கா? ரெண்டு விரல் வெளியே நிக்குது. ஸ்டீயரிங்கைத் திருப்பினா உரசும்."

"எல்லாரும் பெருசாத்தான் கேக்கறாங்க" என்றார் லுவோ. "உரசுதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லலை."

யீ-தாங் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

லுவோ கோபப்படவில்லை. அட்டையும் பசையும் லாரியில் இருக்கின்றன, நிஜச் சக்கரத்தின் அளவைச் சொன்னால் அதற்குத் தக்கபடி இங்கேயே உட்கார்ந்து வெட்டி மாட்டிவிடுவேன், ஆனால் பூசாரி வருவதற்குள் சொல்ல வேண்டும் என்றார். பதினெட்டு அங்குலம் என்று ஆ-குன் உடனே சொன்னான். காருக்குப் புதுச் சக்கரம் மாற்ற ஆசைப்பட்டு ஹொங்-யீ டயர் கடைக்கு வந்து அந்தப் பதினெட்டு அங்குல ரிம்மை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அரைநாள் உட்கார்ந்திருந்ததைச் சொன்னான். வென்-ஷானுக்கும் பதினெட்டுதான் சரியென்று பட்டது. தம்பி பிறந்ததிலிருந்து தன்னுடைய பழைய சட்டையைத்தான் போட்டான், ஒரு தடவையாவது ஆசைப்பட்டது கிடைக்கட்டும் என்றார்.

பிறகு எல்லோரும் ஜிங்-ரூவைப் பார்த்தார்கள்.

அவள் கையிலிருந்த தாமரையின் கடைசி இதழைப் பிரித்துவிட்டாள். அவன் எதை முடிவு செய்தான் என்று அவளுக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் இருந்த காலமெல்லாம் அவனும் அவளும் பேசியது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். கல்லீரலைப் பற்றி டாக்டர் பேசிவிட்டுப் போவார். கதவு சாத்தியதும் அவன் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுப்பான். பதினேழு போட்டால் டயரின் பக்கச் சுவர் தடிமனாக இருக்கும், குண்டு குழியில் இதமாகப் போகும், எடையும் குறைவு. பதினெட்டு போட்டால் மட்கார்டு நிறைந்து நிற்கும், வளைவில் வண்டி சொன்னபடி கேட்கும்; ஆனால் ரப்பர் வெறும் பட்டை போலத்தான் இருக்கும், ஒரு பள்ளத்துக்கு ரிம் வளைந்துவிடும். இதையெல்லாம் அவளுக்குப் பாடம் போலச் சொன்னான். ரிம்மின் அகலம் அரை அங்குலம் கூடினால் உள்பக்கம் எவ்வளவு தள்ளும், வெளிப்பக்கம் எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போடுகிற அளவுக்கு அவளும் தேறிவிட்டாள். காலையில் பதினேழு என்பான். கஞ்சி குடித்துவிட்டுப் பதினெட்டு என்பான்.

ஒரு நாள் அவளுக்கு அலுத்துப்போயிற்று. ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், ஆ-குன் ஆர்டர் போடட்டும் என்றாள்.

"போட்டுட்டா, அப்புறம் நாளைக்கு என்ன பேசறது?" என்றான் அவன்.

அதற்குப் பிறகு அவள் அவசரப்படுத்தவில்லை.

வென்-ஷான் தொண்டையைச் செருமினார். "நாம ஏன் மண்டையை உடைச்சுக்கணும்? அவனையே கேட்டுடலாம்."

அவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு நாணயங்களை எடுத்தார். ஒன்று தலை, ஒன்று பூ விழுந்தால் சம்மதம். இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் இல்லை. சவப்பெட்டிக்கு எந்த மரம், படத்துக்கு எந்தச் சட்டை, எல்லாமே இப்படிக் கேட்டுத்தான் முடிவானது. எல்லாவற்றுக்கும் ஹொங்-யீ ஒரே வீச்சில் சரி சொல்லியிருந்தான். அந்த மாதிரி விஷயங்களில் அவன் எப்போதுமே அப்படித்தான்.

யீ-தாங் படத்துக்கு முன்னால் மண்டியிட்டு, "அப்பா, பதினெட்டா?" என்று கேட்டுப் போட்டாள். இரண்டும் தலை. ஆ-குன்னின் முகம் தொங்கியது. "அப்போ பதினேழா?" என்று கேட்டுப் போட்டாள். இரண்டும் பூ. சரியாகக் கேட்கவில்லை, முழுப் பெயரையும் சொல்லிக் கேள் என்றார் வென்-ஷான். முழுப் பெயரையும் வீட்டு முகவரியையும் சொல்லிக் கேட்டாள். பதினெட்டுக்கு இல்லை. பதினேழுக்கும் இல்லை.

"பாவி" என்றான் ஆ-குன். "இன்னும் முடிவு பண்ணலை பாரேன்."

அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான், வெகுநேரம் திரும்பவில்லை. லுவோ கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். வீட்டுக்குள் சமையலறைக் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

மகள் மறுபடி நாணயங்களைக் குலுக்கினாள். ஜிங்-ரூ எழுந்து போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும்மா. அப்பாவை இனிமே கேக்க வேண்டாம்."

நாணயங்களை வாங்கி வென்-ஷானிடம் கொடுத்தாள். காரின் பக்கத்தில் போய் நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்த வழி அவளுக்கு ஞாபகம் வந்தது. கடைசி மூச்சு வீட்டில்தான் போக வேண்டும் என்று, ஆக்ஸிஜன் முகமூடியும் கையால் அழுத்தும் காற்றுப் பையுமாக ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். பழச் சந்தைத் திருப்பம் வருது, வாய்க்கால் பாலம் வருது என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். பாலத்துக்கு அப்புறம் குழாய் பதிக்கத் தோண்டிய சாலை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் புருவம் சுருங்கியது. அதைத் தவிர அவன் உடம்பில் வேறெதுவும் அசையவில்லை. மெதுவாகப் போங்கள் என்று அவள் ஓட்டுநரிடம் கெஞ்சினாள். மெதுவாகப் போனால் நேரம் போதாதே என்றார் அவர்.

"பதினேழு" என்றாள் ஜிங்-ரூ.

ஆ-குன் திரும்பினான். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"அந்தப் பக்கம் ரோடு எப்படி இருக்கும்னு யாருக்கும் தெரியாது, ஆ-குன். டயர் கொஞ்சம் தடிமனாவே இருக்கட்டும்."

ஆ-குன் லுவோவின் பக்கத்தில் உட்கார்ந்து, "சரி அண்ணி. பதினேழுன்னா அஞ்சு கம்பி ரிம், வெள்ளி நிறம். தங்கம் வேண்டாம்" என்றான். பென்சிலை வாங்கி அட்டையில் அவனே வட்டம் போட்டான். லுவோ வெட்டினார். டயருக்குக் கறுப்புத் தாளை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றச் சொன்னாள் ஜிங்-ரூ. ஓட்டுநர் இருக்கையில் லுவோ உட்காரவைத்திருந்த காகித ஆளை ஆ-குன் வெளியே எடுத்துப் போட்டான். ஹொங்-யீ தன் சாவியை யாரிடமும் தந்தவனில்லை.

பூசாரி வந்ததும் கையோடு கொண்டுவந்திருந்த கடிதத் தாளையும் உறையையும் கொடுத்தார். போகிற பொருள் என்ன, யாருக்கு, எந்த முகவரிக்காரனுக்கு, அனுப்புவது யார் என்று எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியில் யாராவது தட்டிப் பறித்துக்கொள்வார்கள். வழக்கமாக மகன் எழுதுவான், இங்கே மகள் எழுதலாம் என்றார். யீ-தாங் பேனாவை அம்மாவிடம் நீட்டினாள்.

ஜிங்-ரூ மேசையில் கிடந்த தாமரைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். பெயர், ஊர், தெரு. வீடு ஒன்று. கார் ஒன்று, சிவப்பு. அதற்குக் கீழே ரிம் பதினேழு அங்குலம், அகலம் ஏழரை என்று எழுதினாள். டயரின் அளவை எழுதினாள். முன் சக்கரத்துக்குக் காற்று எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று எழுதினாள். முதல் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கவும் என்று எழுதிவிட்டு, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள். இன்னும் இடமிருந்தது. ஒன்றும் எழுதாமல் தாளை மடித்தாள்.

உறையின் வாயை லுவோவின் பசையால் ஒட்டினாள். சிவப்பு மையைத் தொட்டு விளிம்பில் கட்டைவிரலை அழுத்தினாள். மாலையில் வீட்டையும் காரையும் பக்கத்துக் காலி மனைக்குத் தூக்கிப்போய், வேறு யாரும் பறித்துக்கொள்ளாதபடி சுற்றிக் கயிறு பிடித்து நின்றார்கள். சொந்தமில்லாத ஆ-குன்னுக்கும் ஒரு முனை கிடைத்தது. ஜிங்-ரூ குனிந்து காரின் காகிதக் கதவைத் திறந்து கையை விட்டு, அவள் எப்போதும் உட்கார்ந்துவரும் இருக்கையில் உறையை நிமிர்த்தி வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு, தீ வைக்கச் சொல்லி லுவோவுக்குத் தலையசைத்தாள்.