உப்பை வெளியே வைத்த ஜாடி

மருத்துவர் சுருக்கமாகத்தான் சொல்லியிருந்தார்: உப்பு குறையாவிட்டால் ரத்த அழுத்தம் குறையாது, அது குறையாவிட்டால் பேருந்து ஓட்டுவதற்கான தகுதிச் சான்றிதழும் கிடையாது. ஓட்டுநர் சிப்ஸை விட்டார், ஊறுகாயை விட்டார். கடையில் வாங்கும் வேர்க்கடலை வெண்ணெயை மட்டும் விட மறுத்தார். ரொட்டியில் அதைத் தடவித் தின்னாமல் அவர் ஒருநாளும் வேலைக்குக் கிளம்பியதில்லை.

"வேணும்னா வீட்டுல அரைச்சுக் குடு. சப்புன்னு இருந்துச்சுன்னா பழைய டப்பாதான். அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று மனைவியிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

மனைவி தையற்காரி, துணியைப் பார்த்ததும் கத்தரிக்கோலைத் தூக்குகிற ரகமல்ல. விடுமுறை நாளின் காலையில் கனத்த வாணலியைச் சிறுதீயில் வைத்துக் கடலையை வறுக்கத் தொடங்கினாள். வழக்கமான பொன்னிறத்தைத் தாண்டியும் அவள் கை நிற்கவில்லை.

"கருக விடறீங்க அண்ணி!" என்றாள், ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார்.

"கருகாது. உப்பு இல்லாத குறைய வறுவல்தான் ஈடுகட்டணும். கசப்பு தட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இறக்கிடுவேன், பாரு."

சொன்னபடியே இறக்கினாள். துணியில் தேய்த்துத் தோலைப் புடைத்துவிட்டு, பாதிக் கடலையை மிக்ஸியில் போட்டாள். அது பொடியாகி, பின் கட்டிகட்டியாகி, ஜாரின் சுவரில் அப்பிக்கொண்டது. அந்த நேரத்தில் ரவிக்கை வாங்க ஒருத்தி வாசலில் வந்து நிற்க, தையற்காரி எழுந்து போனாள்.

திரும்பி வந்தபோது ஜாருக்குள் பிசைந்த மாவைப் போல ஓர் உருண்டை அசையாமல் கிடந்தது.

"தண்ணி விட்டியா?"

"ஒரே ஒரு ஸ்பூன், அண்ணி. சுத்த முடியாம முனகுச்சு, பாவமா இருந்துச்சு." எதை அரைத்தாலும் தண்ணீர் தெளித்தே பழகிய கை அது.

"மிக்ஸி மேல பாவம் பாத்து உங்கண்ணன் வேலைக்கு உலை வெச்சிட்டியே! எண்ணெய் பிரியற நேரத்துல தண்ணி பட்டா இறுகிடும்டி."

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் மலர்ச்சி. "ஆச்சா? நான் வேணா கடை வரைக்கும் போயிட்டு வரட்டா?"

"செருப்பைக் கழட்டுங்க. இன்னும் பாதி கடலை இருக்கு."

ஜாரை ஈரமில்லாமல் துடைத்து மீதிக் கடலையைப் போட்டவள், இம்முறை அதை விட்டு நகரவில்லை. ஓட்டுவதும் நிறுத்துவதும் சுவரை வழிப்பதுமாகப் பொறுமையாக அரைத்தாள். ஜார் வெதுவெதுப்பானது, கடகடவென்ற சத்தம் மெல்லத் தணிந்து சளசளப்பானது. கரண்டியிலிருந்து விழுது நாடாவாக ஜாடிக்குள் வழிந்தது.

ஓட்டுநர் ரொட்டியைக் கடித்தார். "வாசனை பிரமாதம். ஆனா..." கடை டப்பாவின் ஏக்கம் அவர் கண்ணில் தெரிந்தது.

"உள்ள கொஞ்சூண்டு உப்பு போட்டு அரைச்சிடலாமா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"வேண்டாம். உள்ள கலந்தா பாதி உப்பு நாக்குக்கே தெரியாம வயித்துக்குப் போயிடும். மேல தூவினா நாலு பொடி போதும். வாயில வெச்சதும் அதான் முதல்ல தெரியும்." நொறுக்கிய கல்லுப்பைத் தட்டில் கொண்டுவந்து, ரொட்டியின் மேல் விரல்நுனியால் சிலவற்றை உதிர்த்தாள்.

அவர் மென்றார். மெல்லும் வேகம் குறைந்தது. "ஏமாத்தற. ஜாடிலயே உப்பைப் போட்டுட்ட."

ஜாடியில் தோய்த்த கரண்டியை அவள் நீட்டினாள். நக்கிப் பார்த்தார், துளி உப்பில்லை.

"டிக்கெட் எடுக்காம மாட்டிக்கிட்டவன் மாதிரி முழிக்கிறியே அண்ணா!" என்று நாத்தனார் சிரித்தாள்.

அடுத்த ரொட்டிக்குத் தையற்காரி உப்பைத் தொடவில்லை. தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே தூவிக்கங்க. தினமும் நான் பக்கத்துல உக்காந்திருக்க முடியாது."

அவர் விரல்கள் பழக்கத்தில் தாராளமாகவே அள்ளின. விரலிடுக்கைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், பெரும்பகுதியைத் தட்டிலேயே உதறிவிட்டு, எஞ்சியதைத் தூவிக் கடித்தார்.

"இது போதும்" என்றார், வாய் நிறைய. "அடுத்த தடவை கடலைய இன்னும் கூடுதலா வாங்கு."