நார்வேக்காரரிடம் சொல்லு

இராயபுரத்தில் ஒரே வீட்டின் மாடியிலும் கீழேயும் குடியிருக்கும் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை என்பதற்காக, உலகம் முழுக்க ஓடும் ஒரு மென்பொருளின் புது வெளியீடு நின்றுபோனது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஹெப்சிபாவும் நம்பியிருக்கமாட்டாள். ஆனால் தங்கையின் மகளாகவும் அந்த மென்பொருளை எழுதுகிறவர்களில் ஒருத்தியாகவும் இருந்து தொலைத்ததால் அவளுக்கு வேறு வழியில்லை.

மென்பொருளின் பெயர் ஆங்கர். லினக்ஸ் கணினி கண் விழித்ததும் எது முதலில் எழுந்திருக்க வேண்டும், எது யாருக்காகக் காத்திருக்க வேண்டும், எந்த வயருக்கு எந்த முகவரி என்று அடியில் உட்கார்ந்து மேய்ப்பது அதன் வேலை. ஒழுங்காக ஓடினால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. ஓடாவிட்டால் ஊரே திட்டும். பல தேசத்து ஆட்கள் சேர்ந்து அதை எழுதுகிறார்கள், எழுதி முடிப்பது என்பதே கிடையாது. இவர்களுக்கெல்லாம் தலைவர் நார்வேயில் இருந்தார். அவர் பெயர் வாயில் நுழையாததால் ஹெப்சிபாவின் அம்மா சிலுவையம்மாள் அவரை நார்வேக்காரர் என்பாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

வீடு தாத்தா கட்டியது. கீழே சிலுவையம்மாளின் அண்ணன் பாஸ்கல், துறைமுகத்தில் எலெக்ட்ரிக் செக்ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். மேலே சிலுவையம்மாளும் மகளும். ஆறு வருடம் முன்னால் ஒரு நாள் பாஸ்கல் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனார். மேல்தொட்டி நிரம்பி வழிந்து, மொட்டை மாடியில் காயவைத்திருந்த வஞ்சிரக் கருவாடு மொத்தமும் மிதந்தது. சிலுவையம்மாள் தெருவே கேட்கும்படி ஒன்று சொன்னாள்.

"ஒரு மோட்டார நிறுத்தத் தெரியல. இத்தினி வருசம் ஹார்பர்ல இன்னாத்த கிழிச்ச?"

கருவாட்டை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பேச்சை எங்கே போய் மாற்றுவது? பாஸ்கல் அன்றைக்கு வாயை மூடியவர்தான். அவர் மூடியதைப் பார்த்து சிலுவையம்மாளும் மூடிக்கொண்டாள்.

அதற்காக வீட்டில் சேதி போகாமல் இருக்க முடியுமா? எதிர்வீட்டு ஹில்டாவை நடுவில் நிறுத்தினார்கள். மாடி ஜன்னலில் நின்று சிலுவையம்மாள், "ஹில்டா, கீழ் வூட்டுக்காரருகிட்ட சொல்லு, குப்ப வண்டி வந்துகினு கீது" என்பாள். நேர்கீழே வாசலில் நிற்கும் பாஸ்கலுக்கு அது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் ஹில்டா தெருவின் அந்தப் பக்கமிருந்து ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் குப்பைக்கூடையை எடுப்பார். பொங்கலுக்குப் பிறகு ஹில்டா மகன் வீட்டோடு மாதவரத்துக்குப் போய்விட்டாள். அதிலிருந்து அந்தப் பதவி காலியாகக் கிடந்தது, வீட்டில் சேதியும் நின்றுபோனது.

இப்போது போய் ஹெப்சிபாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திருவொற்றியூர் சாவியோ, ஈஸ்டர் கழிந்த வாரம் கோயிலில் பூசை. அப்பா உயிரோடு இல்லை. அப்பா இல்லாத பெண்ணைக் கைப்பிடித்துப் பீடம்வரை கூட்டிப்போக வேண்டியவர் தாய்மாமன். அது வழக்கம் என்பதற்காக அல்ல, அந்த மாமாவின் கை வேண்டும் என்பதற்காகவே ஹெப்சிபா ஆசைப்பட்டாள். முதல் கம்ப்யூட்டரைத் துறைமுகத்து ஏலத்தில் எடுத்து, தோளில் சுமந்து வந்து அவளுக்குக் கொடுத்தவர் அவர்.

அம்மாவிடம் பேச்செடுத்தபோது பதில் தயாராக இருந்தது. "அந்தாளு கோயிலுக்குள்ள வந்தா நான் வெளிய நிப்பேன். நீ அந்தாளு வூட்டு வாசப்படி மிதிச்சேன்னு தெரிஞ்சிது, கல்யாணமே வாணாம் போ."

ஹெப்சிபா வாசப்படியை மிதிக்கவில்லை. வேலையில் தலையைக் கொடுத்துக்கொண்டாள்.

அந்த மாதம் அவள் தலையில் விழுந்த வேலை, ஆங்கரிலிருந்து ஒரு பழைய பகுதியைப் பிடுங்கி எறிவது. கணினி எழும்போது இன்னின்னதைச் செய் என்று அந்தக் காலத்து முறையில் எழுதிவைத்த ஸ்கிரிப்ட்டுகளை ஓட்டிக்கொடுக்கும் பகுதி. இப்போது யாரும் அப்படி எழுதுவதில்லை. "யாராவது இன்னும் பயன்படுத்துகிறீர்களா?" என்று உலகத்தையே கேட்டார்கள். உலகம் வாய் திறக்கவில்லை. ஹெப்சிபா பிடுங்கினாள். நார்வேக்காரர் பார்த்துவிட்டு "சரி" என்று எழுதினார். நார்வேயில் அது மாலை போட்டு மரியாதை செய்வதற்குச் சமம்.

மறுநாள் காலையில் மாடிக்குத் தண்ணீர் வரவில்லை.

சிலுவையம்மாள் குழாயைத் திறந்து பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், பிறகு சுவரில் இருந்த அந்தோணியார் படத்தின் முன்னால் போய் நின்றாள். கருவாட்டுச் சண்டைக்கு மறுநாள், இனி அண்ணன் கையால் தண்ணீர் வேண்டாம், நீரே பார்த்துக்கொள்ளும் என்று அவரிடம் நேர்ந்துகொண்டவள் அவள். அன்றிலிருந்து அவள் முதல் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் தொட்டி நிரம்பியிருக்கும். ஒரு சொட்டு வழிந்ததில்லை. செவ்வாய் தவறாமல் மெழுகுவத்தி ஏற்றினாள். எப்படி நிரம்புகிறது என்று புனிதரை விசாரிப்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டாள்.

"இன்னா கொற வச்சேன் ஒனக்கு?" என்று அன்றைக்குத்தான் விசாரித்தாள்.

அந்த நேரத்தில் மேசைமேல் மடிக்கணினியில் ஹெப்சிபாவுக்கு ஒரு புகார் வந்து விழுந்தது. பாடப்புத்தக ஆங்கிலம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'மதிப்பிற்குரிய பராமரிப்பாளருக்கு, தங்களது நேற்றைய மாற்றத்திற்குப் பிறகு எனது ஸ்கிரிப்ட் இயங்கவில்லை. மாற்றத்தைத் திரும்பப் பெறுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, பாதிக்கப்பட்ட பயனர்.'

நேற்று செய்த மாற்றத்தை இன்றைக்கே எடுத்து ஓட்டுகிற பைத்தியம் யார் என்று ஹெப்சிபாவுக்கு வியப்பாக இருந்தது. முழுதாக வேகாத பதிப்பை, எழுதுகிறவர்களே தங்கள் கணினியில் ஏற்றப் பயப்படுவார்கள். 'அன்புள்ள பயனருக்கு, புதிய முறையில் எழுதினால் எட்டே வரி. நானே எழுதித் தருகிறேன்' என்று பதில் போட்டாள். பதில் போன நொடியில் கீழே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு ஒற்றை விரலால் விசைப்பலகையைக் குத்தும் சத்தம். டக். டக். சத்தம் நின்றதும் மேலே பதில் வந்தது.

'எனது ஸ்கிரிப்ட் ஒருநாளும் தவறியதில்லை. தவறாததை ஏன் மாற்ற வேண்டும்?'

ஹெப்சிபாவுக்கு ஒரேயடியாக எல்லாம் விளங்கியது. தொட்டி எப்படி நிரம்பியது, ஏன் வழியவில்லை, அந்தப் பைத்தியம் யார், எல்லாம். அவள் எழுதிய ஒவ்வொரு வரியையும் விடியற்காலையில் எடுத்துத் தன் கணினியில் ஏற்றி, அதன் தலையில் தங்கையின் தண்ணீரை நம்பிக்கையோடு வைத்திருக்கிறார் கீழ் வீட்டு மாமா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, 'மன்னிக்கவும், ஒரு பயனருக்காகப் பழைய பகுதியை வைத்திருக்க முடியாது' என்று பதில் எழுதினாள். வேலை என்று வந்துவிட்டால் அவளும் சிலுவையம்மாள் பெற்ற பெண்தானே.

சண்டை நீண்டது. மேலிருந்து 'அன்புள்ள பயனருக்கு', கீழிருந்து 'மதிப்பிற்குரிய பராமரிப்பாளருக்கு'. பிரேசிலில் இருந்து ஒருவர் பயனர் பக்கம் சேர்ந்தார். போலந்தில் இருந்து இருவர் பராமரிப்பாளர் பக்கம். மோட்டாரைக் கையால் போட பாஸ்கலின் ரோஷம் விடவில்லை, சிலுவையம்மாள் தெருக்குழாயில் குடம் பிடித்து மாடியேறிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நார்வேக்காரர் ஒன்றைக் கண்டுபிடித்தார். மாற்றத்தை எழுதியவருக்கும் எதிர்க்கிறவருக்கும் இணைய முகவரி ஒன்றேதான். இருக்காதா பின்னே? வீட்டுக்கு ஒரே இணைப்பு, அது பாஸ்கலின் கணினி வழியாக வந்து, அங்கிருந்து வயர் ஜன்னலைப் பிடித்து மாடிக்கு ஏறுகிறது. சண்டை வந்த அன்று பேச்சை அறுத்தவர்கள் வயரை அறுக்க மறந்துவிட்டார்கள். நார்வேக்காரருக்கு இது எப்படித் தெரியும்? ஹெப்சிபா கள்ளப் பெயரில் தன்னைத்தானே எதிர்த்துக்கொண்டு எல்லோரையும் முட்டாளாக்குகிறாள் என்று அவர் முடிவுகட்டினார். வெளியீட்டை நிறுத்தினார், அவளுடைய எழுதும் உரிமையையும் நிறுத்தினார். நீங்கள் இரண்டு பேர் என்றால் இருவரும் ஒரே வீடியோவில் சேர்ந்து உட்கார்ந்து காட்டுங்கள் என்றார்.

அம்மாவிடம் ஹெப்சிபா விஷயத்தைச் சொன்னாள். தண்ணீர் விஷயத்தைச் சொல்லவில்லை. மாமாவே அதை மறைத்து வைத்திருக்கும்போது தான் சொல்வது சரியில்லை என்று நினைத்தாள்.

"என் பொண்ண கள்ளின்னு சொல்றானா அவன்?" என்றாள் சிலுவையம்மாள். "நட. நானும் வரேன். படி வரிக்கும்தான். அந்தாளோட பேசமாட்டேன்."

வெளிப்படிக்கட்டு பாதியில் திரும்புகிற இடம் மாடியுமில்லை, கீழுமில்லை. அங்கே ஒரு காலி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் மடிக்கணினியை வைத்தார்கள். பாஸ்கல் இஸ்திரி போட்ட சட்டையில் ஏறி வந்து ஹெப்சிபாவின் ஒரு பக்கம் உட்கார்ந்தார். சிலுவையம்மாள் இறங்கி வந்து இன்னொரு பக்கம். திரையில் நார்வேக்காரர் காப்பிக் கோப்பையோடு இருந்தார்.

"இரண்டு பேர்தான், தெரிகிறது" என்றார் ஆங்கிலத்தில். "மன்னிக்க வேண்டும். அந்த மூன்றாவது நபர் யார்?"

"இன்னா கேக்கறான்?"

"நீ யாருன்னு கேக்கறாரும்மா. மாமா யாருன்னும் சொல்லணும்."

சிலுவையம்மாள் வாளியைப் பார்த்தாள். "நான் பொண்ணோட அம்மா. அவரு கீழ் வூட்டுக்காரருன்னு சொல்லு."

ஹெப்சிபா சொன்னாள். நார்வேக்காரர் பாஸ்கலைப் பார்த்து, "ஐயா, தாங்கள் கீழ் வீட்டுக்காரர் என்று இந்த அம்மையார் கூறுகிறார்" என்றார். பாஸ்கல், "ஆம் ஐயா" என்று தலையசைத்தார்.

சிலுவையம்மாளின் முகம் தெளிந்தது. மாதவரத்துக்குப் போனவளின் பதவிக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"நார்வேக்காரருகிட்ட சொல்லு. அந்த ஸ்கிரிப்டு இன்னாத்துக்குன்னு கேக்கச் சொல்லு."

ஹெப்சிபா ஆங்கிலத்தில் சொன்னாள். நார்வேக்காரர் அதைப் பாஸ்கலிடம் கேட்டார். பாஸ்கல் ஆங்கிலத்தில், விடியற்காலையில் மேல்தொட்டிக்கு மோட்டாரைப் போட்டு, நிரம்பியதும் நிறுத்துவதற்கு என்று பதில் சொன்னார். ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கைக்கு அந்தப் பதில் நார்வே போய், ஹெப்சிபா வாயால் தமிழாகி வந்து சேர்ந்தது.

சிலுவையம்மாள் மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப அந்தோணியாரு?"

இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் ஹெப்சிபா அப்படியே சொன்னாள். நார்வேக்காரர் சிரத்தையாக, "ஐயா, அப்படியானால் புனித அந்தோணியாரின் பங்கு என்ன?" என்று கேட்டார்.

"அவருக்கு ஒன்றும் தெரியாது ஐயா" என்றார் பாஸ்கல். "மோட்டாரை நிறுத்தத் தெரியாதவன் என்று ஒருவர் சொன்னார். அதனால் எழுதினேன். அதன்பிறகு ஒரு சொட்டு வழியவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்." நார்வே போய்த் திரும்பிய அதை ஹெப்சிபா தமிழில் சொன்னாள். பாஸ்கல் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு மேலே பேசினார். "இன்னொன்றும் கேட்டுச் சொல்லுங்கள். குழந்தையைப் பீடத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போவது யார்?"

கேள்வி நார்வே போய்ச் சேர்ந்தது. நார்வேக்காரர் காப்பியைக் கீழே வைத்து, சிலுவையம்மாளைப் பார்த்து வாயைத் திறந்தார்.

இந்தக் கேள்வியை அவர் கேட்கக்கூடாது என்று ஹெப்சிபாவுக்குத் தோன்றியது. இத்தனை வருடம் அறுந்த இணைப்பையெல்லாம் மேலே கொண்டுவரத்தான் அவள் எழுதியிருக்கிறாள். இணைப்பைத் துண்டித்துக் கீழே இறக்கவும் ஒரு கட்டளை உண்டு. அடித்தாள். நார்வேக்காரர் திறந்த வாயோடு அப்படியே உறைந்தார்.

சிலுவையம்மாள் காத்திருந்தாள். "இன்னா சொல்றான்?"

பாஸ்கல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஹில்டாவின் கதவில் பூட்டு தொங்கியது. ஹார்பருக்குப் போகும் டிரெய்லர் ஒன்று வீட்டையே குலுக்கிக்கொண்டு கடந்து போனது. சிலுவையம்மாள் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், சொல்வதற்கு ஆள் யாரும் மிச்சமில்லை.

"ண்ணா," என்றாள். "நெட்டு போச்சி பாரு."

"போவல, சிலுவ. உன் பொண்ணு புடுங்கி வுட்டுட்டா."

"எதுக்காம்?"

"நான் கேட்டதுக்கு நீயே பதில் சொல்லணுமாம்."

"நீ இன்னா கேட்ட?"

"கொயந்தய யாரு கூட்டிகினு போறதுன்னு."

சிலுவையம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தாய்மாமன் நீ கீறப்ப வேற எவன் வருவான்? கோயிலுக்கு வர்றப்ப மோட்டார நிறுத்திட்டு வா. மாடில கருவாடு காயும்."

"அதுவா நின்னுக்கும்," என்றார் பாஸ்கல். "உன் பொண்ணு கைய வைக்காம இருந்தா."

ஹெப்சிபா இணைப்பை உடனே மேலே ஏற்றவில்லை. நார்வேக்காரர் இன்னும் கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடியே இருந்தார்.