மறுபக்கத்துக் கைப்பிடி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது என்பதால் உரிமைத் தகராறு எதுவும் கிடையாது. தேயிலைத் தோட்டத்தில் கள அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செடிகளை ஒரே மட்டமாக வெட்டிவிடும் இயந்திரத்தை நான் தேர்ந்தெடுத்த கதையைக் கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அதன் பிளேடு வளர்ந்துகொண்டே போனது. போன மாதம் மருந்துக்கடை வரிசையில் சொன்னபோது பன்னிரண்டு அடி. (நாலடி. இனி அடைப்புக்குறிக்குள் உண்மை மட்டும்.)

2

முதல் தொடக்கம்: ‘மலைச்சரிவைப் பனி மூடியிருந்த அந்தக் காலையில்…’ பனியாவது ஒன்றாவது, மண்டையைப் பிளக்கும் வெயில். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ‘மரணம் இரண்டு கைப்பிடிகளோடு லாரியிலிருந்து இறங்கியது.’ இதைப் படித்த என் மனைவி, “யாரைப் பயமுறுத்தப் பாக்கறீங்க?” என்றாள். என்னைத்தான் என்று நான் சொல்லவில்லை.

சரி, நேராகவே வருகிறேன். இரண்டு இயந்திரங்கள் வந்தன. ஒன்று, ஒரே ஆள் முதுகில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வெட்டுவது, ஆமை வேகம். மற்றது, செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராகத் தூக்கிக்கொண்டு நடப்பது. பிளேடு வில்லாக வளைந்து செடிகளின் மேல் போகும். வேகத்தைக் கூட்டுவது, நிறுத்துவது எல்லாம் ஒரு பக்கத்து ஆளின் கையில். மறுபக்கத்தில் வெறும் கைப்பிடி. அந்த ஆளுக்கு நிறுத்த வேண்டுமென்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மேனேஜருக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. ஓட்டிப் பார்த்து அறிக்கை தர வேண்டியவன் நான்.

3

தூக்கும் இருவரும் ஒரே உயரம் இல்லையென்றால் வெட்டு கோணலாகிவிடும். எனவே ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு நானூறு பேரை அளந்தேன். (நாற்பத்திரண்டு.) மயிரிழை பிசகாமல் பொருந்தியது ஒரே ஒரு ஜோடிதான்: ஒரு கணவனும் மனைவியும். இரண்டு வருடமாக அவர்களுக்குள் பேச்சு இல்லை.

அவள் தங்கை கல்யாணத்தில், பந்தியில் அத்தனை பேர் முன்னால், “கொஞ்சம் வாயை மூடு” என்றிருக்கிறான். அவள் மூடிக்கொண்டாள். வீட்டில் மகள் நடுவில் நின்று, “அப்பா, அம்மா சாப்பிட வரச் சொல்றாங்க” என்று தபால் சேவை நடத்திவந்தாள்.

(இந்தப் பாத்திரம் எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது. இவ்வளவு வீம்பு ஒரு பெண்ணுக்கு உண்டா என்று நீங்கள் கேட்டால், நான் கண்ணால் பார்த்தேன் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.)

அலுவலகமே சிரித்தது. ஊமை ஜோடியைப் பிடித்துவிட்டேன் என்று அதிகம் சிரித்தவன் நான்தான். சிரித்த கையோடு, அறிக்கையில் ‘ஆபத்து நேரக்கூடுமா?’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்றும் எழுதிவிட்டேன். (சோதனைக்கு முதல் நாளே.)

4

விசை அவன் பக்கம். கைப்பிடி அவள் பக்கம், சரிவின் கீழ்ப்புறம். நான் பின்னால் நடந்தேன். புறப்படும் முன் அவள் என்னிடம் திரும்பினாள்.

“சார், இன்னும் கொஞ்சம் மேல தூக்கணும்னு அவர்கிட்ட சொல்லுங்க.”

அவன் நாலடி தள்ளி நின்றான். “காதுல விழுந்துச்சுன்னு சொல்லுங்க சார்.”

வேகம் கூடியதும் அந்தப் பேச்சும் நின்றது. அவள் என்னைப் பார்த்து முகவாயை உயர்த்துவாள். நான் தொண்டை கிழிய அவனுக்குக் கத்துவேன். நுனிகள் பறந்து என் சட்டையெல்லாம் பச்சையானது. பாதி வரிசையில்தான் எனக்கு உறைத்தது: இந்த இயந்திரத்தில் அவளுக்கு இருக்கும் ஒரே பிரேக் நான். உடனே நிறுத்தச் சொல்லியிருக்கலாம். கீழே மேனேஜர் நெற்றிக்குக் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் சட்டைப் பையில் அந்த ‘இல்லை’ இருந்தது.

5

வெட்டிய இலைகள் மூடிக்கிடந்த வடிகாலில் அவள் இடது கால் இறங்கியது. முழங்கால் மடங்கியது. அவள் பக்கத்துக் கைப்பிடி தாழ, ஓடிக்கொண்டிருந்த பிளேடு அவளை நோக்கிச் சரிந்தது. அவன் கண்ணோ முன்னால், வெட்டும் மட்டத்திலேயே இருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து

6

ஒரு முடிவு: இரண்டு வருட மௌனம் உடைந்து அவள் அவனைக் கூப்பிட்டாள், அவன் நிறுத்தினான், இருவரும் அழுதார்கள். இதை விசேஷ வீடுகளில் சொல்வேன். கேட்டவர்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

இன்னொரு முடிவு: கனம் மாறியதை அவன் கையே உணர்ந்து விசையை விட்டது. இயந்திரம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்கும்.

மூன்றாவது: நான் கத்தினேன். அந்தச் சத்தத்தில் அடுத்த மூன்று தோட்டங்களிலும் இயந்திரங்கள் நின்றன. (

இந்த அடைப்புக்குறியைத் திறந்து வைத்து ஒன்பது நாளாகிறது. அவள் இன்று எங்கே, எப்படி நடக்கிறாள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

7

இதுவரை எழுதியதை மனைவி படித்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். பிறகு தாள்களை அடுக்கி மேசையில் வைத்தாள்.

“இத்தனை வருஷமா சொல்றீங்க. தடவைக்கு ஒரு அடி பிளேடு வளருது. அந்தப் பொண்ணு உங்களைப் பாத்தப்ப உங்க வாயிலேருந்து சத்தம் வந்துச்சா இல்லையா, அத மட்டும் சொன்னதே இல்லையே.”

நான் பேனாவின் மூடியைத் தேடினேன். அவள் போகவில்லை, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்குப் பதில் சொல்வதற்குள் உங்களுக்கு ஒரு வேலை. ஐந்தாம் பகுதியில் இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண் ஒரு முழங்காலில் இருக்கிறாள். நான் நின்ற இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள்; அவள் பார்ப்பது உங்களைத்தான். சத்தம் அதிகம், அவனுக்குக் கேட்க வேண்டும். அடிவயிற்றிலிருந்து கத்துங்கள்.