ஒற்றை நாற்று

ஷேர் ஆட்டோவிலிருந்து குஸ்கா அண்டாவை இறக்கி வரப்போரம் வைத்துவிட்டு நிமிர்ந்த மெஹர்னிசாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். காலையில் வெறும் சேறாக விட்டுவிட்டுப் போன கழனியின் மேற்கு மூலை பச்சைப் பசேலென்று நின்றது. குத்துக் குத்தாக, அடர்த்தியாக, கண் பட்டுவிடும் போலிருந்தது. இப்படி ஒரு நடவை அவள் வாப்பா காலத்தில்கூடப் பார்த்ததில்லை. தலைத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு நிமிடம் ரசித்து நின்றாள். பிறகுதான் நாற்றங்கால் பக்கம் கண் போனது. அங்கே பிளாஸ்டிக் விரிப்பு வெறுமையாகக் கிடந்தது.

நட்டிருந்தது அரை ஏக்கர்கூட இல்லை. நட வேண்டியது இரண்டு ஏக்கர். நாற்று மொத்தமும் தீர்ந்துபோயிருந்தது.

நடந்ததைப் புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு குத்தைப் பிடித்துப் பார்த்தால் போதுமாயிருந்தது. ஐந்து நாற்று இருந்தது. அடுத்ததில் ஆறு. காலையில் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குச் சமைக்கப் போனாள்: குத்துக்கு ஒன்று, ஒன்றே ஒன்று. கயிற்றில் முக்கால் அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, முடிச்சுக்கு ஒரு நாற்று என்று தானே சேற்றில் இறங்கி நட்டுக் காட்டினாள். நடவுக்காரிகள் பத்துப் பேரும் தலையை ஆட்டினார்கள். கயிற்றுக்கு மரியாதை கொடுத்திருந்தார்கள், அதில் குறையில்லை. நாற்று விஷயத்தில்தான் கை அதன் பழக்கப்படி போய்விட்டது.

இது எல்லாம் அரசப்பன் கொண்டுவந்த யோசனை. வேளாண்மை ஆபீசில் உதவியாளராக இருக்கும் அந்த மனிதர், வண்டியை வரப்பில் சாய்த்துவிட்டு, அரைநாள் உட்கார்ந்து அவளுக்கு விளக்கினார். வழக்கமாக இரண்டு ஏக்கருக்கு அறுபது கிலோ விதை வேண்டும், இந்த முறைக்கு ஐந்தே கிலோ. பதினைந்தாம் நாள் இளம் நாற்றாக, தனித்தனியாக நட வேண்டும். தண்ணீர் பாதிகூட வேண்டாம். மற்றதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை, தண்ணீர் என்ற சொல் ஏறியது. பொன்னேரியைச் சுற்றி எத்தனையோ பேர் கிணற்றுத் தண்ணீரைச் சென்னை லாரிக்கு ஏற்றிவிட்டுக் கழனியைத் தரிசாகப் போட்டிருந்தார்கள். அவளுடைய போர்க் கிணற்றில் மாசி பிறந்தால் உப்பு கரிக்க ஆரம்பித்துவிடும். அதற்குள் பயிர் நிலைத்துவிட வேண்டும்.

அதோடு தம்பி ரிஜ்வான் வேறு. வாப்பா பிரித்துக் கொடுத்ததில் அவனுக்கு மூன்று ஏக்கர், அவளுக்கு அதை ஒட்டி இரண்டு. பிளாட் போட்டு விற்கும் மனைக்காரர்கள் ஐந்தையும் சேர்த்துத்தான் கேட்டார்கள், அவளுடையதுதான் ரோட்டுப் பக்கம். ரிஜ்வான் கெட்டவன் இல்லை. பழவேற்காட்டில் இறால் வியாபாரம் படுத்துவிட்டது, மகளுக்குக் காலேஜ் சீட்டு வேண்டும், அவன் கஷ்டம் அவனுக்கு. ஆனால் வாரா வாரம் வந்து, டீயைக் குடித்துக்கொண்டே, நெல்லு போட்டு எவன் பொழைச்சான் என்று ஆரம்பித்துவிடுவான். அவள் பேஜாராகிப் போய் ஒரு நாள் வாக்குக் கொடுத்துவிட்டாள். இந்த ஒரு போகம் விடு, தேறாவிட்டால் நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று. வாக்கு என்றால் அந்தக் குடும்பத்தில் வாக்குதான்.

மார்கழி பாதி போய்விட்டது, கையில் விதை இல்லை. இனி புதிதாய் விதைத்து, நாற்று விட்டு, பயிர் நிலைப்பதற்குள் தை போய்விடும், உப்பு வந்துவிடும்.

நடவு ஆட்களின் தலைவி கங்கம்மா வரப்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷமாக இந்தக் கழனியில் நடுகிறவள். இப்போதெல்லாம் நடவுக்கு ஆள் திரட்டுவதே பெரும்பாடு, வயதுப் பெண்கள் எல்லாரும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கம்பெனி வேனில் போய்விடுகிறார்கள். பத்துப் பேரைக் காலில் விழாத குறையாகக் கூட்டிவந்ததே கங்கம்மாதான். நாற்று தீர்ந்ததும் அவளுக்கே உறைத்துவிட்டது. முகம் செத்துப்போயிருந்தது.

"ஒண்ணே ஒண்ணா வைக்க மனசு வர்ல பாயம்மா. தம்பிகிட்ட நீ தோத்துறக் கூடாதுன்னுதான் கை நெறைய வச்சிக்கினு போனேன்."

மெஹர்னிசா அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடவில்லை.

"நீயே எங்கழனிய வித்துட்டியே, கங்கம்மா."

பத்துப் பேரும் குனிந்துகொண்டார்கள். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியுமா? அவள் குஸ்காவைத் தட்டில் போட்டுக் கொடுத்தாள், அவர்கள் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் இறங்கவில்லை. கங்கம்மா தட்டையே தொடவில்லை. மெஹர்னிசாவுக்கு ஆத்திரமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. முப்பது வருஷம் குனிந்து நட்டவளைப் பார்த்து இப்படியா சொல்வது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரோட்டில் கம்பெனி வேன் வந்து நின்றது. காலை ஷிப்டு முடிந்த பெண்கள் இறங்கினார்கள். நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. அதில் ஒருத்தி கிறிஸ்டினா, கங்கம்மாவின் மருமகள். மகன் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். மாமியாருக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை உண்டு, ஒட்டுதல் கிடையாது. கழனியில் கால் வைக்காத பெண் என்று கங்கம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அது உண்மையும்கூட.

அத்தை தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவள் வரப்பில் நடந்து வந்தாள். விஷயத்தை ஒருத்தி சொன்னாள். கிறிஸ்டினா செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து ஒரு குத்தைப் பிடித்து இழுத்தாள். ஐந்தில் இரண்டு வேர் அறுந்து வந்தன. இப்படியா இழுப்பார்கள் என்று கங்கம்மா தன்னை மறந்து இறங்கி வந்து, விரலைச் சேற்றுக்குள் விட்டு, அடி மண்ணோடு இன்னொன்றை நெகிழ்த்தி எடுத்துக் கொடுத்தாள். கிறிஸ்டினா அதைத் தண்ணீரில் லேசாக அலசினாள். அவள் விரல்கள் என்ன செய்தன என்று யாருக்கும் தெரியவில்லை, கண் மூடித் திறப்பதற்குள் ஐந்து நாற்றும் விரலிடுக்குகளில் தனித்தனியாக இருந்தன. ஒரு வேர் அறவில்லை.

கார்களுக்கு ஒயர்க்கட்டு செய்கிற கம்பெனி அது. தலைமுடி கனத்தில் இருக்கும் ஒயர்களைப் பிரித்துப் பிரித்து ஓட்டைகளில் சொருகுவதுதான் எட்டு மணி நேரமும் அவள் வேலை.

"ஒரு ஓட்டைக்கு ஒரு ஒயருதான் அத்தை. ரெண்டு போச்சின்னா லைனே நின்னுடும்," என்றாள். பிறகு மெஹர்னிசாவைத் திரும்பிப் பார்த்து, "காலையில நட்டதுதான, இன்னும் வேரு புடிச்சிருக்காது. இன்னிக்கே பிரிச்சிடலாம் பாயம்மா," என்றாள்.

ரோட்டில் நின்ற ஏழு பெண்களையும் கை தட்டிக் கூப்பிட்டாள். அதில் ஒருத்தி ஓ.டி. உண்டா என்று கேட்டாள். கூலியும் உண்டு குஸ்காவும் உண்டு என்று மெஹர்னிசா அண்டா மூடியைத் திறந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நடவு என்பதா, கம்பெனி வேலை என்பதா. நடவுக்காரிகளில் பாதிப் பேர் குத்துகளை நெகிழ்த்தி எடுத்தார்கள், அந்தக் கை அவர்களுக்குத்தான் உண்டு. கம்பெனிப் பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து பிரித்து, குஸ்கா தின்ற தட்டுகளைக் கழுவி அவற்றில் ஈரத்தோடு அடுக்கினார்கள். மிச்ச நடவுக்காரிகள் தட்டை வாங்கிக்கொண்டு கயிற்றுக்கு ஓடினார்கள். பிரித்துக் கை ஓய்ந்த ஒரு பெண் தானும் நடுகிறேன் என்று கழனியில் இறங்கி, பின்பக்கமாக நடக்கத் தெரியாமல் அடையாள அட்டையோடு சேற்றில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக எல்லாரும் சிரித்தார்கள்.

கங்கம்மா சிரிக்கவில்லை. கயிற்றுக்கு முன்னால் ஒற்றை நாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வைத்தாள், பக்கத்தில் இன்னொன்றும் வைக்கக் கை தானாகப் போயிற்று, இழுத்துக்கொண்டாள்.

"பச்சப் புள்ளையத் தனியா தெருவுல வுட்டுட்டு வர்ற மாதிரி கீது."

வரப்பிலிருந்து கிறிஸ்டினா தலை நிமிராமலே சொன்னாள். "நம்ம ஊட்ல ஒரே ரூம்புல ஏழு பேரு படுத்துக்கினு கீறோம். இந்த நாத்தாவது காலு நீட்டிக்கட்டும், வுடு அத்தை."

கங்கம்மா மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த முடிச்சில் ஒன்றுதான் வைத்தாள்.

அந்திப் பொழுதில் மக்ரிப் பாங்கு கேட்பதற்குள் ஒரு ஏக்கர் ஆயிற்று. மறுநாள் சனிக்கிழமையும் வேன் அங்கேயே நின்றது. பத்து நாற்றுக்கு ஒன்று பிரிக்கையில் அறுந்து போனாலும், வடக்கு ஓரத்துச் சின்னத் துண்டு தவிரக் கழனி முடிந்தது. முடிந்ததும் எல்லாரும் வரப்பில் ஏறி நின்று பார்த்தார்கள். பார்ப்பதற்கு எதுவுமே இல்லை. சேற்றுத் தண்ணீர், அதில் அங்கங்கே புல் மாதிரி ஏதோ. மெஹர்னிசா கங்கம்மாவின் பக்கத்தில் போய் நின்று, நேற்றுச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று மெதுவாகச் சொன்னாள். கங்கம்மா அவள் முழங்கையில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரிஜ்வான் வந்து, பைக்கை விட்டு இறங்காமலே சிரித்தான். கொக்குக்குக் குளம் வெட்டியிருக்கிறாயா என்று கேட்டான். அவள் டீ போடவில்லை. பத்து நாள் வரைக்கும் அந்த வழியாகப் போனவர்கள் எல்லாரும் ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பன்னிரண்டாம் நாள் அரசப்பன் களை உருட்டும் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவளே வரிசைக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனாள், தோள் விட்டுப்போயிற்று. கங்கம்மா தினமும் வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போவாள். அவளும் பயந்துகொண்டிருக்கிறாள் என்று மெஹர்னிசாவுக்குத் தெரிந்தது. தன் பயத்தைவிட அதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

மாசி முதல் வாரத்தில் ரிஜ்வான் மறுபடி வந்தான். மனைக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்களாம், அறுப்பு வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும், இப்போதே தெரிந்துவிடுமே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருப்பான் போல. வெள்ளைச் சட்டை, பளபளவென்ற ஷூ. வரப்பில் ஏறி நின்று பார்த்தான். தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கருகருவென்று பச்சை மூடியிருந்தது, அவனுடைய தரிசின் ஓரம் வரைக்கும்.

"குத்துக்கு எத்தினி நாத்து வச்ச, அக்கா?" என்றான்.

"ஒண்ணு."

"சும்மா சொல்லாத."

அவள் வாதாடவில்லை. இறங்கிப் பார்த்துக்கொள் என்று கையைக் காட்டினாள். ரிஜ்வான் அவளையும் கழனியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஷூவைக் கழற்றி, பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, சின்ன வயதில் இறங்கியதுபோல ஒரு காலை முதலில் விட்டு ஆழம் பார்த்து இறங்கினான். குனிந்து ஒரு குத்தின் அடியைப் பிடித்தான். ஒற்றை அடியிலிருந்து கிளைத்த தூர்கள் விசிறிக்கொண்டு கை கொள்ளாமல் வழிந்தன. ஒவ்வொரு தூராகப் பிரித்து விரலால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினான். பதினாறுக்கு வந்தபோது கை நழுவி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. சட்டையில் சேறு பட்டதைக் கவனிக்காமல், இன்னும் கொஞ்சம் குனிந்து, ஒன்றிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தான்.