கதை என்ற பொத்தான்

சோரா என்பது டிவியில் பொருத்தி கேம் விளையாடும் பெட்டி. வாங்க ஆளில்லை. ஆளில்லாததால் பெரிய கேம் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. புதுக் கேம் வராததால் இருந்த ஆட்களும் கழன்றார்கள். கல்யாணத்துக்குச் சொன்னவர்கள் வராவிட்டால் ரோட்டில் போகிறவனையும் பந்தியில் இருத்துவார்களே, அப்படித்தான் கிளிநொச்சியில் இரும்புக்கடைக்கு மேலே இருந்த எங்களைச் சோராக்காரர் கூப்பிட்டார்கள்.

எங்களை என்றால், தனுஷாவாகிய என்னையும் என் கணவர் நிஷாந்தனையும். நான் எழுதி வரைவேன், அவர் புரோகிராம் செய்வார். எங்கள் கேமில் ஒட்டுசுட்டானில் இருந்து தண்ணீரூற்றுக்குப் பஸ் ஓட்ட வேண்டும். வழியில் யானை நிற்கும். அது போகும்வரை காத்திருக்க வேண்டும். கேம் அவ்வளவுதான். சித்திரை முடிவதற்குள் ஐம்பது பிரதி விற்றால் அடுத்த கேமையும் எடுப்போம் என்றார்கள். விற்காவிட்டால் இவர் கொழும்புக்கு வேலைக்குப் போவதென்று முடிவு. முடிவு அவருடையது. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வெளியிடுவதற்கு முன்பே கேம் திரும்பி வந்தது. சோராவில் தமிழைச் சரிபார்க்கும் சென்னைப் பெண் ஒருவர் எழுதியிருந்தார்: “‘கதை’ பொத்தானை அழுத்தினால் கதை வரவில்லை. கண்டக்டர் மாயாண்டி பேசுகிறார். பிழை.”

“எங்கட ஊரில கதைக்கிறதுதானே கதை!” என்று நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினேன்.

“நீர் ஏன் கோவப்படுறீர்? ‘பேசு’ எண்டு மாத்திவிடுவம்” என்றார் இவர்.

“பேசு எண்டால் மாயாண்டி ஏசப்போறார் எண்டெல்லோ எங்கட சனம் நினைக்கும்! அவாக்குக் கதைதானே வேணும்? குடுக்கிறன்.”

கோபத்தில் ஒரே மூச்சில் எழுதினேன். யானை மாயாண்டியின் டிக்கெட் புத்தகத்தைப் பறித்துக்கொண்டு காட்டுக்குள் போகிறது. மாயாண்டி பின்னால் போகிறார். அதற்குமேல் எழுத நேரமில்லை. பஸ் தண்ணீரூற்றுக்கு வந்துவிட்டது, இறங்குங்கோ என்று முடித்துவிட்டேன். பொத்தான் பாஸாகியது.

முதல் மாதம் பதினொன்று விற்றது. அதில் ஒன்று நாங்கள் வாங்கியது. சித்திரைக் கடைசி நாள் கணக்கு ஐம்பத்து மூன்று. நான் துள்ளிக் குதித்தேன். அரை மணித்தியாலத்தில் இன்னொரு கடிதம் வந்தது. சோரா இன்றோடு நிறுத்தப்படுகிறதாம், ஒத்துழைப்புக்கு நன்றியாம். இலக்கை நாங்கள் எட்டிவிட்டோம். அவர்கள்தான் எட்டவில்லை.

இவர் பையில் உடுப்பு அடுக்கினார். கொழும்பு பஸ் நாலு மணிக்கு. போகாதேங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரெல்லாம் சண்டை பிடிக்கிற வாய்.

அப்போது சென்னைப் பெண்ணிடம் இருந்து, இந்தமுறை சொந்த முகவரியில், இரண்டு வரி வந்தது. “எனக்கும் இன்றோடு வேலை இல்லை. ஐம்பத்து மூன்றாவது பிரதி என்னுடையது. மாயாண்டிக்கு டிக்கெட் புத்தகம் திரும்பக் கிடைத்ததா?”

இவர் பையை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார். “கிடைச்சதோ?”

“தெரியாது. நான் இன்னும் யோசிக்கேல்லை.”

“எனக்கும் கேக்கவேணும் எண்டுதான் இருந்தது.”

“அப்ப இருங்கோ, கதைப்பம்.”

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். நான் கதைத்தேன். நாலு மணி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போனது இருவருக்கும் கேட்டது. அடுத்தது ஆறரைக்கு.